டெலிட் செய்த படம் எங்கே போகிறது?

இரண்டு ஜிபி சினிமா ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதையே டெலிட் செய்ய ஒரு நொடிகூட ஆவதில்லை. எழுத அவ்வளவு நேரம் பிடித்ததை எப்படிக் கண் சிமிட்டுவதற்குள் துடைக்க முடிகிறது? துடைப்பதே இல்லை. படம் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிய குறிப்பைத்தான் கணினி அடித்துவிட்டது.

கேமராவின் மெமரி கார்டை எடுத்துக்கொள்வோம். 32 ஜிபி வரையுள்ள கார்டுகளில் ஃபைல்களை அடுக்கி வைப்பது பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில்தான். கார்டின் இடம் முழுவதும் ஒரே அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டம் 32 கேபி என்றால் 4 எம்பி புகைப்படம் 128 கட்டங்களில் உட்காரும். எந்தக் கட்டத்துக்கு அப்புறம் எந்தக் கட்டம் என்று ஓர் அட்டவணை சொல்லும். படத்தின் பெயர், தேதி, அளவு, முதல் கட்டத்தின் எண் ஆகியவை தனியே ஒரு பதிவில் இருக்கும். அந்தப் பதிவின் நீளம் வெறும் 32 பைட்.

டெலிட் பொத்தானை அழுத்தியதும் இரண்டே வேலைகள் நடக்கின்றன. அந்தப் பதிவில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும். 'இந்த ஆள் இப்போது இல்லை' என்பதற்கான அடையாளம் அது. அட்டவணையில் அந்த 128 கட்டங்களுக்கும் நேராகச் சுழியம் விழும், அதாவது 'காலி'. ஊர்க் கணக்கில் பெயரை அடித்துவிட்டதால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடாது அல்லவா? அடுத்தவர் வந்து உழும்வரை அது அங்கேயே நிற்கும். படத்தின் கட்டங்களும் அப்படித்தான். மீட்பு மென்பொருளின் பட்டியலில் ஃபைல் பெயர்களின் முதல் எழுத்து மட்டும் சில நேரம் காணாமல் போயிருக்குமே, அதற்குக் காரணம் இந்த 229தான்.

பதிவு பாதி அழிந்திருந்தாலும் முதல் கட்டத்தின் எண்ணும் ஃபைலின் அளவும் மிச்சமிருக்கும். ஆனால் கட்டங்களின் வரிசையைச் சொன்ன அட்டவணைச் சங்கிலி போய்விட்டது. எனவே மென்பொருள் ஓர் ஊகம் செய்கிறது: 128 கட்டங்களும் வரிசையாக அடுத்தடுத்து இருந்திருக்கும் என்று. புதிதாக ஃபார்மட் செய்த கார்டில் வரிசையாக எடுத்த கல்யாணப் படங்கள் என்றால் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். நடுநடுவே ஒவ்வொரு படமாக அழித்து, அந்தச் சந்துகளில் புதுப் படங்களைத் திணித்த கார்டு என்றால் மாப்பிள்ளையின் முகம் பாதியும் சாம்பல் நிறப் பட்டை பாதியுமாக வரும். வீடியோவின் கதி இன்னும் மோசம். ஃபைல் பெரியது, சிதறவும் வாய்ப்பு அதிகம்.

அட்டவணையும் பதிவும் மொத்தமாகப் போய்விட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். 255, 217 என்ற இரண்டில் முடியும். ஆகவே கார்டை முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், இந்த எண்கள் தென்படும் இடங்களில் எல்லாம் வெட்டி எடுத்தால் போதும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான். பெயர்கள் திரும்ப வராது. எண்ணிட்ட ஃபைல்களாகக் கொட்டும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா ஒளித்து வைத்த தபால்தலை அளவுக் குட்டிப் படங்களும் சேர்ந்து வெளியே வரும். பொறுக்கிப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இவ்வளவுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: காலி என்று குறிக்கப்பட்ட கட்டத்தில் வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது. தவறாக அழித்துவிட்டோம் என்று தெரிந்த கணமே கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுங்கள். பெரிய எஸ்டி கார்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளுப் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிடுங்கள். கணினியின் உள் டிஸ்க்கில் அழித்திருந்தால் விஷயம் இன்னும் அவசரம். நாம் சும்மா இருந்தாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. பிரவுசர் எதையாவது சேமிக்கும், அப்டேட் ஏதாவது இறங்கும். பதற்றத்தில் மீட்பு மென்பொருளைத் தேடி அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவுவது, தேடும் பொருளின் மேலேயே ஏறி நிற்கிற வேலை. மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டித் தேடுவதுதான் முறை. மீட்டதையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அது இயந்திரக் கோளாறு. எந்த மென்பொருளாலும் ஆகாது.

சரி, அழிந்தே தீர வேண்டியவை? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கினார்கள். 129 வேலை செய்தன. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டு எண்கள். அவற்றில் பல டிஸ்க்குகள் ஃபார்மட் செய்யப்பட்டவைதான். 'குவிக் ஃபார்மட்' என்பது மொத்தக் கணக்கையும் புதிதாக எழுதுகிற வேலை, வயலைத் தொடுவதில்லை. விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு, அந்த 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால் டிஸ்க் முழுக்கச் சுழியங்கள் எழுதப்படும். பெரிய டிஸ்க்கானால் பல மணி நேரம் ஆகும். ஆகட்டும், அதற்குத்தான் செய்கிறோம்.

35 தடவை எழுதி அழித்தால்தான் பாதுகாப்பு என்று இன்றும் சிலர் சொல்வார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் அத்தனைக்குமாகச் சேர்த்துச் சொன்ன 35 அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் முழுதும் தேவையில்லை என்று பின்னால் அவரே விளக்கிவிட்டார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது லேப்டாப்களில் வரும் எஸ்எஸ்டிக்கு வந்தால் கதை தலைகீழ். அதன் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் பழையதன் மேல் புதியதை எழுத முடியாது. முதலில் வெறுமையாக்க வேண்டும். எழுதுவது சில கேபி அளவுப் பக்கங்களாக. வெறுமையாக்குவதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய பகுதியாக. இதனால் எந்தப் பக்கங்கள் தேவையற்றவை என்று முன்கூட்டியே தெரிந்தால் எஸ்எஸ்டிக்கு வேலை சுலபம். விண்டோஸ் 7 முதல் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததும் 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டளை போன பிறகு அங்கே படித்தால் பெரும்பாலும் வெறும் சுழியம்தான் கிடைக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்பில் மீட்ட அனுபவத்தை நம்பி இதில் தைரியமாக ஷிஃப்ட்-டெலிட் அடித்துவிட வேண்டாம். மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் பொதுவாக டிரிம் போவதில்லை. அவையும் ஃபிளாஷ்தான், ஆனாலும் அழித்தது தங்கும்.

கைபேசி இன்னொரு படி மேலே. உள்ளே எழுதப்படும் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10 உடன் வரும் புதுக் கருவிகளுக்கு இது கட்டாயம். ஐபோன்களில் அதற்கு முன்பிருந்தே உண்டு. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சாவி அழிக்கப்படும். 128 ஜிபியில் இருந்தது மொத்தமும் அந்த நிமிடமே அர்த்தமற்ற எண் குப்பை. கைபேசியை விற்பதற்கு முன் ரீசெட் செய்தால் போதும் என்பது இதனால்தான். ஆனால் ஓரத்தில் செருகிய மெமரி கார்டு இந்தக் கணக்கில் வராது, அதை உருவிக்கொள்ள வேண்டும். தவறாக அழித்த படத்துக்குக் கைபேசியில் உள்ள ஒரே தஞ்சம் கேலரியின் குப்பைத்தொட்டி. ஐபோனில் 30 நாள் வரை அங்கே கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள்.

இதே குறியாக்கப் பூட்டு புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றிலும் நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கிறது. மதர்போர்டு கெட்டுப்போய் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நல்ல நிலையில் இருக்கும்போதே கணக்கில் நுழைந்து, அந்த எண்ணை அச்செடுத்து ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.