பிளேவனாய்டு: பெயரில் மஞ்சள், நிறமோ பல

தோல் அரிப்பையும் அழற்சியையும் தணிக்கும் தாவர மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் பிளேவனாய்டு; இது ஒருவகைத் தாவரச் சேர்மம். லத்தீனில் ‘பிளாவுஸ்’ என்றால் மஞ்சள். கிரேக்க வழி வந்த ‘ஆய்டு’ என்ற ஈறு ‘அதைப் போன்றது’ என்று பொருள்படும். ஐரோப்பாவில் துணிக்குச் சாயமேற்றிய மஞ்சள் நிறமிகளை ஆராய்ந்ததில் பிறந்த பெயர் இது. இக்குடும்பத்தின் குவர்செட்டின், ஓக் மரத்தின் லத்தீன் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1936-இல் ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் செண்ட்-கியார்கியும் அவருடைய குழுவினரும் பிளேவனாய்டுகளை ஒரு வைட்டமின் என்றே அறிவித்தார்கள். வைட்டமின் என்ற அந்தப் பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

இதைத் தமிழில் ‘மஞ்சள் நிறமி’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சங்குப்பூவின் நீலமும் நாவற்பழத்தின் கருஊதாவும் இதே குடும்பம். பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டச்சின்கள் என்ற பிளேவனாய்டுகளுக்கோ நிறமே இல்லை. அதைவிடப் பெரிய குழப்பம், நம் சமையலறை மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் பிளேவனாய்டு அல்ல என்பது. பிளேவனாய்டில் தலா 6 கார்பன் கொண்ட இரண்டு பென்சீன் வளையங்களை 3 கார்பன் அணுக்கள் இணைக்கின்றன, ஆக மொத்தம் 15. குர்க்குமினில் வளையங்களுக்கு நடுவே 7 கார்பன்கள். பிளேவனாய்டு என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ‘ஒருவகைத் தாவரச் சேர்மம்’ என்று சேர்த்துவிட்டால் போதும்.

இனி அரிப்பு. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும்போது தோல் தடித்து நமைச்சல் எடுக்கிறது. ஆய்வகத்தில் குவர்செட்டினும் இன்னொரு பிளேவனாய்டான லூட்டியோலினும் அந்தக் கொட்டலைக் கட்டுப்படுத்துகின்றன, அழற்சியைத் தூண்டும் புரதங்களின் சுரப்பையும் குறைக்கின்றன. ஆனால் அட்டோபிக் எக்ஸிமா என்ற நாட்பட்ட தோல் அழற்சியின் அரிப்பு ஹிஸ்டமினோடு நிற்பதில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-31 போன்ற புரதங்கள் நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டுகின்றன; வழக்கமான அலர்ஜி மாத்திரை அங்கே போதாமல் போவது இதனால்தான். பிளேவனாய்டுகள் பல வழிகளில் ஒரே நேரத்தில் குறுக்கிடுவதால்தான் ஆய்வாளர்களுக்கு அவற்றின்மீது இத்தனை ஆர்வம்.

இருந்தும் சான்றுகளில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. குவர்செட்டின் நீரில் எளிதில் கரையாது, தோலின் வெளியடுக்கைத் தாண்டுவதும் கடினம். உட்கொண்டாலோ குடலும் கல்லீரலும் அதை உருமாற்றிவிடுகின்றன. தோலுக்குள் கொண்டுசேர்க்கும் களிம்புகளை உருவாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

குவர்செட்டின் மிகுந்திருப்பது வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலில். அதற்காக வெங்காயச் சாற்றை அரிக்கும் இடத்தில் தேய்க்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் தோலை எரிச்சலூட்டும். நாள்தோறும் வெங்காயம், பூண்டு நறுக்குகிற சமையற்காரர்களின் விரல்களில் தொடுவதால் வரும் தோல் அழற்சி ஏற்படுவது மருத்துவர்கள் நன்கு அறிந்தது.