ஏரிக்கு நடுவில் நீரூற்று வைத்தால் மீத்தேன் போய்விடாது

கோடை வந்தால் என் மேசைக்கு இப்படி ஒரு எஸ்டிமேட் வந்துவிடும். இந்த முறை நகரத்தை ஒட்டிய ஓர் ஏரி. கரையில் நடைபாதை, கிரானைட் பெஞ்சு, நடுவில் வண்ண விளக்கோடு நீரூற்று. நீரூற்றுக்கு நேரே காரணம் எழுதியிருக்கிறார்கள்: "துர்நாற்றம் மற்றும் மீத்தேனைக் கட்டுப்படுத்த." வரத்துக் கால்வாயில் தெருச் சாக்கடைகள் கலக்கின்றனவே, அதற்கு என்ன வழி என்று கேட்டேன். அது வேறு துறையாம்.

நீர்த்தரம் பார்க்கும் பொறியாளனாக இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நாற்றம். மீத்தேன் தீப்பிடிக்கும் வாயு, பூமியைச் சூடேற்றும் வாயு, ஆனால் அதற்கு நாற்றமே கிடையாது. ஏரிக்கரையில் மூக்கைப் பொத்த வைப்பது ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகிய முட்டை வாடை. இரண்டும் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பிறப்பவை, அவ்வளவுதான். வாடை போனதால் மீத்தேனும் போனது என்று அர்த்தமில்லை. வாடையே அடிக்காத ஏரியிலும் பரிசலில் போய் நீளக் கழியால் அடிச்சேற்றைக் குத்திப் பாருங்கள், குமிழிகள் பொலபொலவென்று ஏறி வரும். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் வோல்ட்டா இதைத்தான் செய்தார். சேற்றைக் கிளறி, வந்த வாயுவைப் பிடித்து, அது எரிவதைக் காட்டினார். பின்னாளில் மின்கலம் செய்த அதே வோல்ட்டாதான். நாங்களும் இன்றுவரை தண்ணீருக்குள் புனலைக் கவிழ்த்துத்தான் குமிழி பிடிக்கிறோம்.

சரி, நீரூற்றுக்கு வருவோம். "தண்ணீர் தெறித்தால் ஆக்சிஜன் கலக்கும், ஆக்சிஜன் இருந்தால் மீத்தேன் இருக்காது" என்கிறார்கள். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. தண்ணீரில் கரைந்த மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு, அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் அலங்கார நீரூற்றின் பம்ப் உறிஞ்சுவது மேல்தண்ணீரை. பாசி பிடித்த ஏரியில் உச்சிவெயிலில் மீட்டரை இறக்கினால் மேலே லிட்டருக்கு 8, 9 மில்லிகிராம் ஆக்சிஜன் காட்டும், ஒன்றரை மீட்டர் கீழே போனால் ஒன்றுகூட இருக்காது. நீரூற்று மேலே இருக்கும் 9இல் விளையாடுகிறது. மீத்தேன் பிறப்பது அதற்கும் கீழே, சேற்றுக்குள். அங்கிருந்து கிளம்பும் குமிழி நம் ஏரிகளின் இரண்டு மூன்று மீட்டர் தண்ணீரைச் சில விநாடிகளில் கடந்துவிடும். வழியில் எந்தப் பாக்டீரியாவும் அதைப் பிடிக்க முடியாது. கரைந்திருந்த கொஞ்சத்தையும் நீரூற்று உலுக்கி வெளியேற்றிவிடும்.

நம்பாதவர்களுக்கு தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவின் பெத்தி சோ அணையைச் சொல்வேன். 1994இல் மழைக்காட்டை வெட்டாமலே தண்ணீர் தேக்கினார்கள், சுமார் 365 சதுர கிலோமீட்டர். மூழ்கிய காடு அழுகியது. அணைக்குக் கீழே போன தண்ணீரில் மீத்தேன் மிகுந்து, அதைத் தின்ற பாக்டீரியாக்கள் ஆற்றின் ஆக்சிஜனைத் தீர்த்தன. மீன்கள் பிழைக்க ஆக்சிஜன் வேண்டுமே என்று அணைக்குக் கீழே தடுப்பு கட்டித் தண்ணீரை விழவைத்தார்கள். ஆற்றுக்கு ஆக்சிஜன் கிடைத்தது. கரைந்திருந்த மீத்தேனில் பெரும்பகுதி அங்கேயே காற்றில் கலந்தது. மீனுக்காகச் செய்தது சரிதான், ஆனால் அதை மீத்தேன் கட்டுப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. நாம் மட்டும்தான் எஸ்டிமேட்டில் அப்படி எழுதுகிறோம்.

ஆழமான அணைகளில் அடித்தண்ணீர் அழுத்தத்தில் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். கீழ்மதகைத் திறந்தால் சோடா பாட்டில் மூடியைத் திறந்த கதைதான். நீர்மட்டம் வேகமாக இறங்கினாலும் சேற்றின் மேலுள்ள அழுத்தம் குறைந்து குமிழி கூடும். அதனால்தான் எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுப்பது, வெளியேறும் தண்ணீரில் வாயுவைப் பிரித்துப் பிடிக்க முடியுமா என்றெல்லாம் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யும் 2019இல் திருத்திய கணக்கீட்டு வழிகாட்டியில் நீர்த்தேக்க மீத்தேனுக்கு முறை வகுத்துவிட்டது. 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 80 மடங்கு சூடேற்றும் வாயு இது.

"அந்த வாயுவைப் பிடித்துக் கரண்ட் எடுக்கலாமே" என்று அடுத்த கேள்வி வரும். ருவாண்டாவின் கிவு ஏரியில் எடுக்கிறார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவந்து வாயுவைப் பிரிக்கும் 26 மெகாவாட் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. அந்த ஆழமும், அங்கே காலங்காலமாகச் சேர்ந்த வாயுவும் நம் ஏரிகளுக்கு ஏது? நம்மால் பிடிக்க முடிந்த இடம் சுத்திகரிப்பு நிலையம். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி நிலையங்களில் கசடைச் செரிக்கவைத்து வரும் வாயுவில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அதே சாக்கடை ஏரிக்குள் போனால் அதே வாயு சும்மா வானத்துக்குப் போகும்.

ஆகவே, காசு இருந்தால் முதலில் வரத்துக் கால்வாயில் செலவழியுங்கள். சாக்கடையைத் திருப்பாமல் நடுவில் எதையும் மிதக்கவிடாதீர்கள். ஆகாயத்தாமரையை மருந்தடித்துக் கொன்றால் அது அடியில் போய் அழுகி மீத்தேனுக்குத் தீனியாகும். அள்ளுங்கள், அள்ளியதைக் கரையிலேயே குவிக்காமல் தூரக் கொண்டுபோய் மக்கவையுங்கள். ஏரி வற்றும்போது வண்டல் எடுங்கள். தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுக்க வழி இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரி என்றால் மட்டும் மண்ணைப் பரிசோதிக்காமல் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரவில் செப்டிக் டேங்க் லாரி ஏரியில் கொட்டினால் வண்டி எண்ணோடு புகார் கொடுங்கள், தயவுசெய்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள்.

அப்புறம், இது கெஞ்சல். கரையோரத்து மூடிய கழிவுநீர்த் தொட்டியிலோ மேன்ஹோலிலோ "வாயு இருக்கிறதா" என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். வாடை நின்றுவிட்டது என்று நம்பி ஆளையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கே மரத்துப்போகும். ஒருவர் உள்ளே விழுந்தால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் 14420க்குப் போன் போடுங்கள், லாரி வரும்.