தக்காளிக்கு அஸ்பிரின் தெளிக்கலாமா?

"தக்காளிக்கு அஸ்பிரின் கரைத்துத் தெளித்தால் நோய் அண்டாதாமே, மெய்யோ?" என்று கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். பாதி மெய். 1979இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் வைற் என்பவர் புகையிலைக்கு அஸ்பிரின் ஏற்றிப் பார்த்தார். தேமல் வைரசால் இலையில் விழும் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன.

அஸ்பிரின் உடைந்து சலிசிலிக் அமிலமாகும். அது செடியின் சொந்த ஓமோன். உயிருள்ள கலத்தில் ஒட்டி உறிஞ்சும் கிருமி வந்தால் ஏறும், காவற்புரதங்களை உண்டாக்கும். புழு கடித்தாலோ, கலத்தைக் கொன்று தின்னும் பங்கசு வந்தாலோ ஏறுவது ஜஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஓமோன். பெரும்பாலும் ஒன்று ஏறினால் மற்றது அமுங்கும்.

இந்த இழுபறியில் புகுந்து விளையாடுகிறது சூடோமோனாசு சிரிஞ்சே என்ற பற்றீரியா. தக்காளி இலையில் மஞ்சள் வளையத்தோடு கரும்பொட்டு வைப்பது இதுதான். உள்ளே போக இலைவாய் என்ற நுண்துளையோ காயமோ வேண்டும். ஆனால் அது நீந்தப் பயன்படுத்தும் வாலான சவுக்குமுளையின் புரதத்தை இலை மோப்பம் பிடித்து, ஓரிரு மணித்தியாலத்தில் வாயை மூடிவிடும். பற்றீரியா சும்மா இருக்காது. கொரோனற்றின் என்ற நஞ்சைச் சுரக்கும். கலத்தின் கருவுக்குள் ஜஸ்மோனிக் வழிப் பரம்பரையலகுகளை அமுக்கிப் பிடித்திருப்பவை 'ஜாஸ்' புரதங்கள். உண்மையான ஜஸ்மோனிக் ஓமோன் வந்தால் அவற்றை 'கோய்1' என்ற புரதத்தோடு ஒட்டவைக்கும், ஒட்டியவை சிதைக்கப்படும். கொரோனற்றின் அதே இடத்தில், அசலைவிட இறுக்கமாகவே பொருந்தும் கள்ளத் திறப்பு. புழு கடித்ததென்று செடி ஏமாறும், சலிசிலிக் அமிலம் இறங்கும், மூன்று நான்கு மணித்தியாலத்தில் இலைவாய் திரும்பத் திறக்கும். நாவூறு என்று வெருளி கட்டுகிறவர்கள் கட்டட்டும். கள்ளன் உள்ளே வந்த வழி இதுதான்.

இனி அளவு. ஆய்வுகூடங்களில் வழமையான 1 மில்லிமூல் கரைசல் என்றால் லீற்றருக்கு 180 மி.கி. அஸ்பிரின்; 300 மி.கி. குளிசை ஒன்றுக்கு ஏறத்தாழ 1.7 லீற்றர் தண்ணீர். பொடித்துக் கரைத்து வடிகட்டாவிட்டால் குளிசை மா தெளிகருவி முனையை அடைக்கும். கூட்டிப் போட்டால் இலை கருகும், வளர்ச்சியும் குன்றும். பொட்டு விழுந்த பிறகு தெளிப்பது வீண். செடி ஆயத்தமாக நேரம் வேண்டும்.

இன்னொரு சிக்கல். புழுவின் சமிபாட்டைக் கெடுக்க, காயம்பட்ட தக்காளி இலை ஒரு புரதத்தைச் சுரக்கும். அஸ்பிரின் அதைத் தடுக்கிறது என்று 1988இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே தோட்டத்தில் காய்துளைப்பான் இருந்தால் குளிசையைத் தொடவேண்டாம். கரும்பொட்டுக்குத் தண்ணீர்தான் வாகனம்: இலை நனைய மேலால் ஊற்றாமல் வாய்க்காலில் விடுங்கள், ஈரம் காயும்வரை செடிகளுக்குள் நடக்காதீர்கள்.