ஊருக்குத் தெரியாமல் மருந்து வாங்கவும் உரிமை உண்டு

தங்கச்சிமடத்தில் ஒருவர் புதுச் சட்டை போட்டால் பாம்பனில் கேட்பார்கள். இப்படிப்பட்ட கடற்கரையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போவது லேசான காரியமில்லை. நான் மனு எழுதிக் கொடுக்கிறவன். முதியோர் உதவித்தொகை, மீனவர் நலவாரிய அட்டை, தடைக்கால நிவாரணம் என்று ஆட்கள் வந்து போவார்கள். அவர்களில் எப்போதாவது ஒருவர், வந்த வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கு இல்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பிப்பார். அந்தத் தெரிந்த ஒருத்தருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் முதலில் கேட்பது மருந்துக்கு எவ்வளவு செலவாகும் என்று அல்ல. "அங்க நம்ம ஊர் ஆளு யாராவது வேலை பார்க்கிறாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. சரி, அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ராமேஸ்வரத்துக்காரர் மதுரையில் சோதனை செய்துகொள்ளலாம், தொண்டிக்காரர் புதுக்கோட்டைக்குப் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்று பலகை இருக்கும். சோதனை இலவசம். ரத்தம் எடுக்கும் முன் ஆலோசகர் தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவார், முடிவு வந்த பிறகும் பேசுவார். சம்மதம் கேட்காமல் ரத்தம் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: கிருமி உள்ளே போன மறுவாரமே சோதனையில் தெரியாது. அதனால் முதல் சோதனையில் "இல்லை" என்று வந்தாலும், சந்தேகப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது. எங்கே போவது, எப்படிப் போவது என்று யாரிடமும் முகம் காட்டாமல் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

இருக்கிறது என்று வந்துவிட்டால்?

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் மாநிலத்தில்தான். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் ரத்த மாதிரிகளைச் சோதித்து உறுதி செய்தார்கள். அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்து அந்தக் காலத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி ஓரளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து தொடங்குவார்கள். 2017க்குப் பிறகு அந்தக் கணக்கு கிடையாது. நோய் உறுதியானால் உடனே மருந்து. பெரும்பாலோருக்கு இப்போது மூன்று மருந்துகளைச் சேர்த்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. நம் மாவட்டத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையை மருந்து தொடங்கிய ஆறாவது மாதமும், பிறகு ஒரு வருடம் ஆனதும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் இலவசமாகச் செய்கிறார்கள். அதில் வைரஸ் "கண்டறிய முடியாத அளவு" என்று வந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்கு நோய் பரவாது. கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் மாத்திரையை விட்டால் வைரஸ் திரும்ப ஏறும். அடிக்கடி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸாகவும் மாறலாம்.

நம் கடற்கரையில் மாத்திரை விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல, தொழில். இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரை ஏறி, மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிபார்த்துத் தூங்கப் போகிறவருக்கு எது ராத்திரி, எது பகல்? "ராத்திரி சாப்பிட்டதும் போடுங்க" என்ற அறிவுரை விசைப்படகுக்காரருக்குப் பொருந்தாது. எந்த நேரம் உங்களுக்குத் தவறாதோ அதைச் சொல்லி ஆலோசகரிடம் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் நேரமாகவோ கரை திரும்பும் நேரமாகவோ இருக்கலாம். மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இரண்டாக ஒரே நேரத்தில் வேண்டாம்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கேரளாவுக்கோ மங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள். இவர்களில் பலர் மருந்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. உடல்நிலை சீராக இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க வழி இருக்கிறது. நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் பெயரையே அந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். நாடு முழுக்க ஒரே திட்டம்தான். போகுமுன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொந்த ஊரில் ஆள் பார்த்துவிடுவார்களே என்று பயப்படுகிறவர்களும் இதே வழியில் வேறு மாவட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் வீட்டுப் பெண்களுக்கும் ஒன்று. அங்கே அவர் மருந்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் அவருக்குத்தான் கேடு. மருந்துப் புத்தகத்தின் நகலை வீட்டில் ஒரு பையில் வைத்திருங்கள். நிலைமை வந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி வழி கேளுங்கள்.

மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ ரயிலில் போய் வருகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் சான்று வாங்கினால் இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம். நியாயமான சலுகைதான். ஆனால் நோயின் பெயர் எழுதிய தாளை டிக்கெட் கவுன்டரில் நீட்ட வேண்டும். மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் அதை யார் நீட்டுவார்? இதை வகுத்தவர்கள் சின்ன ஊர் ரயில் நிலையத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றி. கர்ப்பகாலச் சோதனையில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்து, தாய் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, குழந்தைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்று வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். குழந்தைக்கு ஆறாவது வாரமே சோதனை செய்வார்கள், பதினெட்டாவது மாதம் கடைசிச் சோதனை. ஒரு சின்ன நுணுக்கம்: கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் ஏ.ஆர்.டி. மருந்து உடலில் சரியாகச் சேராது. எதை எப்போது போடுவது என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காமாலையும் பச்சிலையும்

எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிற நாம் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் கண்டுகொள்வதே இல்லை. ஈரலைத் தாக்கும் இவையும் ரத்தத்தில் பரவும் வைரஸ்கள்தான். நோயுள்ளவருக்குப் போட்ட ஊசி இன்னொருவர் மேல் குத்தினால் எச்.ஐ.வி. ஒட்டும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. ஹெபடைட்டிஸ் சி நூற்றுக்கு மூன்று என்பது பழைய கணக்கு. பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு முப்பது வரை போகும். எது பெரிய ஆபத்து என்று நீங்களே பாருங்கள்.

காமாலை என்றதும் நம் ஊரில் பச்சிலைக்காரரிடம் ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் பச்சிலைக்குப் போய்விடும். பி, சி அப்படியல்ல. கண் மஞ்சளாகாமலே இருபது வருடம் ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். கீழாநெல்லி வகை மூலிகையை ஹெபடைட்டிஸ் பி-க்குக் கொடுத்துப் பார்த்து, 1988ல் சென்னை ஆய்வாளர்கள் நம்பிக்கையான முடிவை வெளியிட்டது உண்மை. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் சோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ் சி-க்கு வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் முழுக்கக் குணம். ஒரு காலத்தில் லட்சங்களில் செலவு வைத்த நோய் இது. ஹெபடைட்டிஸ் பி-யை மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிப்பது அரிது. ஆனால் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்ந்தது. தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தால் குழந்தைக்கு இன்னொரு ஊசியும் உண்டு, அதுவும் திட்டத்தில் இலவசம். "இன்னைக்கு நாள் சரியில்ல, நாளைக்குப் போடலாம்" என்று அந்த முதல் ஊசியைத் தள்ளிப்போடுகிற பாட்டிமார் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி இரண்டும் உள்ளவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் ஹெபடைட்டிஸையும் அடக்குகின்றன. அதைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பரவும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே வல்லத்தில் போவது, ஒரே பானையில் தண்ணீர் குடிப்பது, கொசு, இவற்றால் எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, பலருக்குப் போட்ட ஊசி, சோதிக்காத ரத்தம், பிரசவமும் தாய்ப்பாலும், இவைதான் வழி. ஹெபடைட்டிஸ் பி-க்கு இன்னொருவர் சவர பிளேடும் திருவிழாப் பச்சை குத்தும் ஊசியும்கூடப் போதும். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று நம்புகிறவர்கள், உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொண்டால் அந்த டாக்டரை விட்டுவிடுங்கள்.

மருத்துவமனைக் குப்பை அள்ளும்போது ஊசி குத்திய தூய்மைப் பணியாளர் ஒருத்தி என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். குத்திய விரலை வாயில் வைத்து உறிஞ்சியிருக்கிறார். செய்ய வேண்டியது வேறு: சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுவது, பிதுக்காமல் இருப்பது, அன்றே அரசு மருத்துவமனைக்கு ஓடுவது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். இதை ஏற்பாடு செய்வது வேலை கொடுத்தவரின் சட்டக் கடமை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இதே மருந்து கிடைக்கும்.

சட்டம் சொல்வது

என் பெரியம்மா மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு தனியார் மருத்துவமனையில் சுகர் பார்க்க என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதினியை வராந்தாவில் நிறுத்தி, நாலு பேர் காதில் விழ, "உங்க வீட்டுக்காரருக்கு அந்த நோய், வேற இடம் பாருங்க" என்றார் ஒருவர். அண்ணனுக்கே அதுவரை தெரியாது. பிறகு அரசு மருத்துவமனையில் எல்லாருக்கும் போடுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாளில் அவர்கள் எத்தனை தப்பு செய்தார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது. சிகிச்சை தரவோ, வேலை தரவோ, பள்ளியில் சேர்க்கவோ எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. முடிவை அவரது சம்மதமின்றி வெளியில் சொல்லக் கூடாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. இந்தப் பாதுகாப்பு நோயாளிக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கும், முன்பு வாழ்ந்தவர்களுக்கும் உண்டு.

கணவன் மனைவி விஷயத்தில் சட்டம் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது. துணைக்கு ஆபத்து இருந்து, நோயாளி சொல்ல மறுத்தால், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். ஆனால் நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று பயப்பட நியாயமான காரணம் இருந்தால், அவர்கள் துணையிடம் சொல்லக் கூடாது. வராந்தாவில் கத்துவதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

இருபது பேருக்குக் குறையாத மருத்துவமனையிலும் நூறு பேருக்குக் குறையாத மற்ற நிறுவனங்களிலும் புகார் அதிகாரி இருக்க வேண்டும். அங்கே பேசலாம். அதற்கு மேல், இந்தச் சட்டப்படி மாநில அரசு நியமிக்க வேண்டிய குறைதீர்ப்பாளரிடம் மனு போடலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். ஆபரேஷனை மறுப்பது போன்ற அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்கிறது சட்டம். மனு எழுதவும் வழக்கறிஞருக்கும் வசதியில்லாதவர்கள் ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நீதிமன்றம் வரை போனாலும் உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்க இந்தச் சட்டத்தில் வழியுண்டு.