நான்கு வயதுக்குக் கீழே சளி மருந்து: விதி என்ன சொல்கிறது, நமக்கு என்ன உரிமை இருக்கிறது

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவன் நான். ஐப்பசி அடைமழை விட்டு மார்கழிப் பனி இறங்கிவிட்டால், காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். "தம்பி, சளி, காய்ச்சல், உடம்பு வலி. மூணு வேளைக்கு ஒரு செட் போட்டுக் குடு" என்பார்கள். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கினால் வைக்கோல் தூசி இருமலும் சேர்ந்துகொள்ளும்.

போன மார்கழியில் ஒரு அப்பாயி வந்தார். பேரனுக்கு மூக்கு ஒழுகுகிறதாம். மஞ்சப்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து, "இதே மருந்துதான் வேணும்" என்றார். பேரனுக்கு வயது இரண்டரை. அந்தப் பாட்டில் அவனுடைய அக்காவுக்கு, ஏழு வயதுப் பிள்ளைக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தது. லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தரக்கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வரியைத் தமிழில் விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

'சளி மருந்து' என்று தனியாக ஒரு மருந்து கிடையாது. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு மருந்துகளை ஒரே மாத்திரையில் அல்லது ஒரே சிரப்பில் சேர்த்திருப்பார்கள். இதற்குக் கூட்டு மருந்து என்று பெயர். மூக்கு ஒழுகலுக்கும் தும்மலுக்கும் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு பினைலெப்ரின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். இவற்றில் எதுவும் சளிக்குக் காரணமான வைரஸைக் கொல்லாது. தொல்லையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

சரி, விதிக்கு வருவோம். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இல் வந்தது. அதில் 26ஏ என்றொரு பிரிவு உண்டு. ஆபத்தான, அல்லது தேவையே இல்லாத கூட்டு மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுப்பது அந்தப் பிரிவுதான். 2024 ஆகஸ்டில் ஒரே அடியாக 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தார்கள். செட்டிரிசின், பாராசிட்டமால், பினைலெப்ரின் மூன்றும் சேர்ந்த ஒரு சளி மருந்தும் அந்தப் பட்டியலில் இருந்தது.

குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்துக்கு முழுத் தடை இல்லை, வயதுக் கட்டுப்பாடு உண்டு. நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது, அந்த எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். 2025 ஏப்ரலில் மத்திய அரசு அதையே அரசிதழில் அறிவிக்கையாக வெளியிட்டது. ஆகவே லேபிளில் அந்த வரி இருந்தாக வேண்டும். இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

அதே 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த கோல்ட்ரிஃப் சிரப் நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததைச் சென்னை அரசுப் பரிசோதனைக் கூடம் கண்டுபிடித்தது. அக்டோபர் முதல் தேதியே தமிழ்நாடு அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. இரண்டு நாள் கழித்து மத்திய சுகாதாரத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம். அதற்கு மேலும் டாக்டர் பார்த்துச் சொன்ன அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும். சிந்த்வாடாவில் இறந்த அந்தப் பிள்ளைகளுக்கு வந்ததும் முதலில் சாதாரணக் காய்ச்சலும் சளியும்தான். அதை நினைத்தால் இப்போதும் கை பதறுகிறது.

பெரியவர்களுக்கு ஆபத்து வேறு வழியாக வருகிறது. 'ஒரு செட்'டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். காய்ச்சலுக்கு என்று தனியாகப் போடும் மாத்திரையில் 650. உடம்பு வலிக்குக் கொடுக்கும் அசிக்ளோபினாக் கூட்டு மாத்திரைக்குள்ளும் 325 இருக்கும். ஒரு வேளைக்கு 1,475, மூன்று வேளைக்கு 4,425 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவே 4,000 தான். தினமும் மது குடிக்கிறவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அந்த அளவே தாங்காது. மூன்று மாத்திரைக்கும் நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் ஒரே மருந்தை மூன்று தடவை விழுங்குகிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அட்டையை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் கடையிலேயே நின்றுவிடுகிறது. இந்த விவரமெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் முழு அட்டையாகக் கேளுங்கள். ஆறு மாத்திரைதான் வேண்டும் என்றால் பெயரும் தேதியும் உள்ள பகுதியை அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நல்ல கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும். ராத்திரியெல்லாம் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர், நெல் மூட்டை லாரி ஓட்டுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு இது சிறுநீரைக் கட்டிவிடும். பினைலெப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். "பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்" என்பதைக் கடையில் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த இருமல் மருந்து, கடுமையான கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம். நோயாளி பெயர், எழுதிய டாக்டர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று எங்களிடம் வற்புறுத்தாதீர்கள்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 125. அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு காட்டம். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்து ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர் மாத்திரை ஒன்றின் அளவு, பிள்ளை வயிற்றுக்குள் போய்விடும். கூட வரும் மூடியாலோ சொட்டுக் குழாயாலோதான் அளக்க வேண்டும், அடுக்களைக் கரண்டியால் கூடாது.

அப்பாயிக்கு நான் கொடுத்தது உப்புநீர் மூக்குச் சொட்டு மட்டும். பையனைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அங்கே டாக்டர் பார்ப்பதற்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் போதும், ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. நொச்சி இலை வேது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம். மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு உரிமை. அதே 1940 மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, நீங்கள் வாங்கிய மருந்தின் தரத்தில் சந்தேகம் வந்தால், விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்து அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும். மாவட்டத்தில் உள்ள மருந்து ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம். மருந்து சாப்பிட்டு ஏதாவது ஒவ்வாமை வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம், டாக்டர் மூலமாகத்தான் போக வேண்டும் என்றில்லை. இதற்கெல்லாம் பில் கையில் இருக்க வேண்டும். மருந்து குடித்த பிள்ளைக்கு வாந்தி வந்தாலோ, சிறுநீர் குறைந்துபோனாலோ, மீதி மருந்தைக் கொட்டிவிடாமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.