கேசுவாலிட்டி: சொல் வந்த வழியும் அதுக்கான தமிழும்

நம்மூர் பெரியாஸ்பத்திரிகள்ல போர்டுல என்ன எழுதியிருந்தாலும் வாயில வர்றது "கேசுவாலிட்டி"தான். ராத்திரி 2 மணிக்கு பைக்ல விழுந்தவரை தூக்கிட்டு போனா அங்கதான் ஏ.ஆர். போடுவாங்க, அதாவது விபத்துப் பதிவேட்டுல எழுதுவாங்க, அந்த ஏ.ஆர். காப்பி இல்லாம போலீஸ் கேசும் நகராது, இன்சூரன்சும் நகராது. அதனாலயே இந்த சொல்லை அடிபட்டவங்களோட மட்டும் சேர்த்துப் பார்க்கிறோம்.

மூலம் லத்தீன். "காசுஸ்"னா விழுதல், அதுலேர்ந்து எதிர்பாராம நேர்றதுன்னு பொருள் வந்துச்சு. தமிழ்ல நேர்தல்லேர்ந்து நேர்ச்சி, அதாவது விபத்துங்கிற சொல், வந்த மாதிரிதான். அப்புறம் ராணுவத்துக்குப் போய் போர்ல ஏற்படுற ஆள் இழப்பைக் குறிக்க ஆரம்பிச்சுது. செத்தவங்க, காயம்பட்டவங்க ரெண்டு பேரும் அதுல அடக்கம், போர்ச்செய்தியை தமிழாக்கும்போது "உயிரிழந்தோர்"னு மட்டும் போட்டா தப்பாயிடும்.

ஆஸ்பத்திரிக்குள்ள இது வந்த கதை இங்கிலாந்துல இருக்கு. அந்தக் காலத்துல நன்கொடையில ஓடின லண்டன் ஆஸ்பத்திரிகள்ல சேரணும்னா பொதுவா நன்கொடையாளர் யாராவது ஒருத்தரோட சிபாரிசுக் கடுதாசி வேணும். அடிபட்டு திடீர்னு தூக்கிட்டு வர்றவங்களுக்கு மட்டும் கடுதாசி கேக்க மாட்டாங்க. அப்படி நேர்ந்து வந்தவங்களைப் பாக்கிற இடம்தான் கேசுவாலிட்டி. 1962-ல சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு இந்தப் பேரை விட்டுட்டு "விபத்து மற்றும் அவசர சிகிச்சை"ன்னு மாத்தச் சொல்லுச்சு, அதைத்தான் ஏ அண்ட் ஈ-ங்கிறாங்க. இப்ப அங்க டாக்டர்கள் விபத்தையும் விட்டுட்டு எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்னே சொல்றாங்க.

ஏன்னா வர்ற ஆளுங்க மாறிட்டாங்க, கூட்டமும் ஏறிடுச்சு. 2003-04-ல இங்கிலாந்துல இந்தப் பிரிவுகளுக்கு வந்தது சுமார் 1.65 கோடி தடவை, 2023-24-ல சுமார் 2.6 கோடி. இந்த ஏத்தத்துல நல்ல பங்கு சின்னக் காயம் பாக்கிற மையங்களோடது, பெரிய ஆஸ்பத்திரிகள்ல அவ்வளவு வேகமா ஏறல. ஆனாலும் 4 மணி நேரத்துக்குள்ள 95 சதவீதம் பேரை பாத்து முடிக்கணும்ங்கிற இலக்கை நாடு முழுக்க சேத்து கடைசியா தொட்டது 2015 ஜூலைல.

"சும்மா சளி காய்ச்சலுக்கெல்லாம் வந்து கூட்டம் போடுறாங்க"ன்னு சொல்றவங்க உண்டு, அது பாதி உண்மைகூட இல்ல. குடும்ப டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்காம வர்றவங்க இருக்காங்க, சரி, ஆனா விரல் வெட்டுன ஆளு தையல் போட்டுட்டு கிளம்பிடுவாரு. மாட்டிக்கிறது 80 வயசு பாட்டி. சுகர், இதயக் கோளாறு, கூடவே நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குது, கட்டாயம் அட்மிட் பண்ணணும், மேல வார்டுல பெட் இல்ல. ஏன் இல்லன்னா அங்க குணமானவரை வீட்டுல பாத்துக்க ஆள் ஏற்பாடாகல, அதனால டிஸ்சார்ஜ் ஆகல. பாட்டி தள்ளுவண்டிக் கட்டில்ல காரிடார்லயே கிடக்கணும், 12 மணி நேரத்துக்கு மேலகூட. வாசல்ல வர்றவங்களை திட்டி இதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல, உள்ள அடைப்பு இருக்கு.

அந்தப் பாட்டிக்கு எந்த விபத்தும் நடக்கல. அதனால தமிழ்ல "விபத்துப் பிரிவு"ன்னு எழுதுறது எனக்கு ஒப்பல, மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி எல்லாத்துக்கும் ஓட வேண்டிய இடத்துக்கு அந்தப் பேரு பத்தாது. "நேர்ச்சிப் பிரிவு" சொல்லா பாத்தா அழகு, ஆனா பதட்டத்துல ஓடி வர்றவருக்குப் புரியாது. "அவசர சிகிச்சைப் பிரிவு" ஏற்கெனவே போர்டுல இருக்கு, பொருளும் சரியா பொருந்துது, எழுத்துல அதையே வெச்சுக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவோட மட்டும் குழப்பிக்காதீங்க, அது ஐ.சி.யூ.