சரிவதால் வாழும் கடற்கரை

இங்கிலாந்தின் தென்கரையில், டெவான் மாவட்டத்தின் எக்ஸ்மத் நகரை அடுத்த ஆர்கம் முனையில் தொடங்கி, டார்செட் மாவட்டத்தின் ஸ்டட்லண்ட் அருகே கடலுக்குள் வெள்ளைத் தூண்களாக நிற்கும் ஓல்ட் ஹாரி பாறைகள் வரை, ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீளும் கரையை ஜுராசிக் கடற்கரை என்று அழைக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இயற்கைச் சிறப்புக்காக அத்தகுதியைப் பெற்ற இடம் இங்கிலாந்தில் இது ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட கரை என்றதும் கருங்கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகளை அமைத்தும் கடலைத் தடுத்திருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றும். இங்கோ, பெரும்பகுதியில், அலை அரிக்கட்டும், மேடு சரியட்டும் என்று விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

ஏன் என்பதற்கு விடை பாறை அடுக்குகளில் இருக்கிறது. பெரிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிழக்குப் பக்கமாகச் சற்றே சாய்ந்து கிடப்பதாகவும், அதன் ஓரத்தைக் கடல் சீவிவிட்டதாகவும் எண்ணிக்கொள்ளலாம். மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவருக்கு அடியிலிருக்கும் ஏடு முதலில் தெரியும், மேலேடுகள் ஒவ்வொன்றாகப் பின்னர் வரும். எக்ஸ்மத் பக்கத்துச் செந்நிறப் பாறைகள், ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தில், இந்நிலம் பாலையாகக் கிடந்தபோது படிந்தவை. லைம் ரீஜிஸ் என்ற சிறு துறைமுக நகரத்தைச் சுற்றியுள்ள கருநீலக் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும், பாலையைக் கடல் மூடிய பிறகு உண்டான ஜுராசிக் காலத்துச் சேறு. கிழக்குக் கோடியிலுள்ள சீமைச் சுண்ணாம்புப் பாறையோ, கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் ஓட்டுத் துகள்கள், ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரிடேசியஸ் காலத்துக் கடலடியில் குவிந்து இறுகியது. ஆக, 18.5 கோடி ஆண்டு வரலாறு ஒரே கரையில் திறந்து கிடக்கிறது.

இந்தச் சுவடிக் கட்டுக்குள் ஒரு சிக்கலும் உண்டு. கிரிடேசியஸ் காலத்தின் நடுவே, சாய்ந்திருந்த பழைய அடுக்குகளின் மேற்புறம் தேய்ந்து மட்டமானது. பின்னர் அவற்றின் தலைமேல் மணற்பாறையும் சீமைச் சுண்ணாம்பும் புதிதாகப் படிந்தன. ஆகவே லைம் ரீஜிஸ் பக்கத்தில் நீரை உள்வாங்கும் பாறை மேலேயும், நீரை உள்ளே விடாத ஜுராசிக் களிமண் கீழேயுமாக அமைந்துவிட்டன. சரிவுகளுக்கு மூலகாரணம் இதுவே. மழைநீர் மணற்பாறை வழியே இறங்கிக் களிமண்ணின் மேற்பரப்பில் தேங்குகிறது. ஊறிய களிமண் வழுக்குகிறது. அதற்கு மேலிருக்கும் பாறை தன் பாரத்தோடு சறுக்குகிறது. ஊருக்குச் சற்றுக் கிழக்கே உள்ள பிளாக் வென் மேட்டில் இவ்வாறு சரிந்த மண், சேற்றாறாக ஒழுகிக் கடற்கரையை எட்டுகிறது. குளிர்காலப் புயல்களின் அலைகள் அச்சேற்றைக் கரைத்துக்கொண்டு போக, அதனுள் இருந்த புதைபடிவங்கள் மணலில் தங்கிவிடுகின்றன. அடிவாரத்தில் முட்டுக்கொடுத்திருந்த சேறு கரைந்ததும் மேடு மீண்டும் பிடிப்பிழக்கிறது. அடுத்த பெருமழைக்குப் பின் அடுத்த சரிவு வருகிறது.

அந்த மணலில் மிகுதியாகக் கிடைப்பவை அம்மோனைட்டுகள் என்ற, அழிந்துபோன கடலுயிர்களின் சுருள் ஓடுகள். வைணவ இல்லங்களில் வழிபடப்படும் சாளக்கிராமத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சுருள் அந்நியமாகத் தோன்றாது. கண்டகி ஆற்றிலிருந்து வரும் அக்கற்களும் அம்மோனைட் படிவங்களே. லைம் ரீஜிஸில் 1799இல் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்த மேரி ஆனிங், தந்தை இறந்த பின் குடும்பப் பிழைப்புக்காக இத்தகைய படிவங்களைப் பொறுக்கி விற்றார். 1811இல் அவருடைய அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதற்குரிய உடலை மேரி மறு ஆண்டு வெளிக்கொணர்ந்தபோது அவர் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி. மீன் வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசார்களின் எலும்புக்கூடுகளில், அறிஞர் உலகின் கவனத்தை முதலில் ஈர்த்தவற்றுள் ஒன்று அது. 1823இல் நீள்கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் அவரே கண்டெடுத்தார். ஆயினும் லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான். புதிய சரிவு கொணர்ந்ததை அடுத்த ஓதம் அடித்துச் செல்லுமுன் எடுத்தாக வேண்டும் என்பதால் குளிர்காலத்தில், ஆபத்தான மேட்டடியில், உயிரைப் பணயம் வைத்துத் தேடிய ஒருவருக்கு அக்கழகம் செய்தது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

1839ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டிய இரவில், லைம் ரீஜிஸுக்கு மேற்கே பிண்டன் என்ற இடத்தில் விளைநிலமே பெயர்ந்து கடல்பக்கம் நகர்ந்தது. நடுவே பெரும் பள்ளம் விழ, நகர்ந்த துண்டு தீவுபோலத் தனித்து நின்றது. வில்லியம் கோனிபேர், வில்லியம் பக்லண்ட் என்ற புவியியலாளர்கள் உடனே வந்து அளந்து, வரைந்து, காரணத்தை விளக்கினார்கள். ஒரு நிலச்சரிவை அறிவியல் முறையில் ஆராய்ந்து எழுதிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. பெயர்ந்த நிலத்தில் முன்பே விதைத்திருந்த கோதுமை சாயாமல் வளர்ந்தது. அடுத்த ஆகஸ்டில் அதன் அறுவடையைக் காண மக்கள் திரண்டு வந்தார்கள். இன்று அங்கே மனிதர் நடாத காடு அடர்ந்திருக்கிறது.

கிழக்கே லல்வர்த் குடாவில் கடல் வேறு விதமாக வேலை செய்கிறது. ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே நில அசைவுகளால் இங்குள்ள அடுக்குகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன: கடல் முகத்தில் கடினமான போர்ட்லண்ட் சுண்ணாம்புப் பாறை, அதன் பின்னே இளகிய மணலும் களிமண்ணும், கடைசியில் சீமைச் சுண்ணாம்புச் சுவர். முன்சுவரில் ஒரு வாசல் திறந்ததும் அலை உள்ளே புகுந்து இளகிய மண்ணைக் குடைந்தெடுத்தது. பின்சுவரில் வேகம் தணிந்ததால் குடா சிப்பிபோல வளைந்தது. பக்கத்து ஸ்டேர் ஹோலில் இதே வேலை தொடக்க நிலையில் இருப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கரைக்குச் சுவர் எழுப்பினால் என்னவாகும் என்பது இப்போது விளங்கும். சரிவு நின்றால் மேட்டின் முகத்தில் புல்லும் புதரும் படரும், அடுக்குகள் மறையும், புதிய படிவங்கள் வெளிவரா. வீடுகளும் துறைமுகமும் உள்ள லைம் ரீஜிஸ் நகர்ப்பகுதியில் மட்டும் தடுப்புப் பணிகள் செய்திருக்கிறார்கள். மக்கள் வாழும் இடத்தில் அது சரியே. விழுந்து கிடக்கும் படிவங்களை எடுத்துக்கொள்ளப் பொதுமக்களுக்குத் தடையில்லை, ஏனெனில் எடுக்காதவை அலையில் நொறுங்கிப்போகும். மேட்டைத் தோண்டத்தான் அனுமதி வேண்டும்.

2022இல் கிம்மரிட்ஜ் அருகே கரையில் கிடந்த ஒரு மூக்குத் துண்டிலிருந்து, மேலே பாறைச்சுவரில் புதைந்திருந்த, பிளையோசார் என்ற பெரிய கடல் ஊர்வனவின் மண்டையோடு தெரியவந்தது. கயிற்றில் தொங்கியபடி அதைக் குடைந்தெடுத்தார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், வயது சுமார் 15 கோடி ஆண்டு. அவ்விலங்கின் உடல் இன்னும் அந்தச் சுவருக்குள்ளேயே இருக்கக்கூடும் என்று எடுத்தவர்கள் கருதுகிறார்கள். அந்தச் சுவரோ ஆண்டுதோறும் சற்றே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.